மும்பையில் தமிழ் ஓரங்க நாடக விழா நடத்துவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், மத்திய ரயில் பாதையை ஒட்டிய ஓர் அரங்கில் நாங்கள் நடத்திய முதல் விழாவில் ஒரே மாலையில் நான்கு ஓரங்க நாடகங்களை வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான் என்பதால் இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினோம். ஆனால் ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்க 25 நிமிடம் பிடித்தது. ஒரு குழு சோபாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்க, இன்னொரு குழு ஆணியடித்து நிறுத்திய சுவரைக் கழற்ற முடியாமல் தவிக்க, மூன்றாவது குழு ஏணியில் ஏறி விளக்குகளைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் கல்யாணுக்கும் பன்வேலுக்கும் போகும் கடைசி வண்டிகளை மனத்தில் வைத்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மூன்று மாதம் இரவு இரவாக ஒத்திகை பார்த்த ஏழு பேர், நான்காவது நாடகத்தை முப்பதுக்கும் குறைவானவர்கள் முன்னால் நடித்தார்கள். திரை விழுந்த பிறகு அந்த ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்டபோது எனக்குப் புரிந்ததையே இங்கே எழுதுகிறேன். நல்ல நாடகங்கள் கிடைத்தும் ஒரு விழா கெட்டுப்போகிறது என்றால், அது பெரும்பாலும் இரண்டு நாடகங்களுக்கு நடுவில் உள்ள நிமிடங்களில்தான் கெடுகிறது. ஆகவே, திட்டமிடுவதை அந்த நிமிடங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

நேரமும் அரங்கும்

நான்கு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் அரங்கை எடுத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரம் மேடை அமைப்புக்கும் விளக்குச் சரிபார்ப்புக்கும் போய்விடும். மீதியுள்ள 180 நிமிடத்தில், நாடகத்துக்கு 35 நிமிடம் வீதம் மூன்று நாடகங்களுக்கு 105, இடைவேளைகள் இரண்டுக்கும் பத்துப் பத்து நிமிடமாக 20, நடுவர் பேச 25 என்று வைத்தால் 150 நிமிடம் ஆகிறது. எஞ்சிய 30 நிமிடத்தைத் தாமதத் தொடக்கத்துக்கும் பொருள்களை வெளியேற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். அதை நான்காவது நாடகத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு குழுக்கள் வந்தால் இரண்டு மாலைகள் வேண்டும். ஏழாவது குழு மிகவும் வேண்டியவர்களாக இருந்தாலும், ஒரு மாலைக்கு மூன்று என்ற எல்லையைத் தளர்த்தினால் அந்த இழப்பைக் கடைசியாக நடிக்கும் குழுதான் சுமக்கும்.

மும்பையில் மாதத்தைத் தேர்வதே ஒரு வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. தண்டவாளத்தில் நீர் நின்றால் நடிகர்களே வந்து சேர முடியாது. பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி நாள்களில் ஒத்திகைக்கான கோயில் கூடமும் குடியிருப்புச் சங்க அறையும் கிடைப்பதில்லை. மார்கழியில் சபாக்களுக்குச் செல்பவர்கள் கச்சேரிகளில் இருப்பார்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பொதுத்தேர்வுகள். எனவே நவம்பர் பிற்பகுதி அல்லது பொங்கல் கழிந்த இரண்டு வாரங்கள்தான் பொருத்தமானவை என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தால், பாதைப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ‘மெகா பிளாக்’ அறிவிப்பைப் பார்க்காமல் ஒத்திகை நேரத்தைக் கூட அறிவிக்காதீர்கள், ஏனெனில் மத்தியப் பாதையிலும் ஹார்பர் பாதையிலும் பகலில் வண்டிகள் நிற்கும்போது டோம்பிவிலியிலிருந்து கிளம்பிய கதாநாயகி மாட்டுங்காவுக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆகலாம்.

அரங்கின் அளவு நாடகத்தின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஷண்முகானந்தா அரங்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. அது கச்சேரிக்கு உரிய இடம், மூன்று பேர் நடிக்கும் ஓரங்கம் அங்கே தொலைந்துபோகும். ஜூஹுவில் 1978 இல் திறக்கப்பட்ட பிருத்வி தியேட்டரில் சுமார் 200 பேர் அமரலாம். கடைசி வரிசைக்கும் நடிகரின் கண் தெரியும். முந்நூறு பேர் அமரக்கூடிய, பின்புறத்தில் குறைந்தது இரண்டு ஒப்பனை அறைகள் உள்ள, சாமான்களை டெம்போவிலிருந்து நேராக மேடைக்கு ஏற்றக்கூடிய பின்வாசல் உள்ள அரங்கைத் தேடுங்கள். பின்வாசலை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பார்வையாளர் நடுவே கட்டில் தூக்கிச் செல்லும் நிலை வந்தால் அந்த மாலை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடும். திறந்தவெளித் திடலில் நடத்த எண்ணுபவர்கள், 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அரங்கப் பணியாளர்கள் மராத்தி நாடகத்தில் ஊறியவர்கள். அவர்களிடம் ஒத்திகையைத் ‘தாலீம்’ என்றும், உடை ஒப்பனையோடு முழுமையாக நடத்தும் இறுதி ஒத்திகையை ‘ரங்கீத் தாலீம்’ என்றும், மேடை அமைப்பை ‘நேபத்ய’ என்றும், விளக்குத் திட்டத்தைப் ‘பிரகாஷ் யோஜனா’ என்றும் சொன்னால் வேலை பாதியாகக் குறையும். தொழிலாக அல்லாமல் விருப்பத்துக்காக நடிப்பதைக் குறிக்கும் நம் ‘பயில்முறை’ என்ற சொல்லுக்கு அவர்களிடம் ‘ஹௌஷி’ என்று பெயர். ஆசையினால் செய்வது என்பது அதன் உள்ளர்த்தம். ஓரங்கத்தை ‘ஏகாங்கிகா’ என்று வழங்கும் அவர்களின் கல்லூரிப் போட்டிகளுக்கு நீண்ட மரபு உண்டு. புணேயின் புருஷோத்தம் கோப்பைப் போட்டி 1963 முதல் நடக்கிறது. விழாவுக்கு முன் உங்கள் குழுவினர் அத்தகைய ஒரு போட்டியையாவது நேரில் பார்த்து, இடைவேளையில் மேடைக்குப் பின்னால் மாணவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்பதைக் கவனித்து வருவது மிகவும் பயன் தரும்.

அனுமதியும் உரிமையும்

மகாராஷ்டிரத்தில் பொதுமக்கள் முன் நாடகம் நடத்துவதற்கு, நாடகப் பிரதிகளைப் பரிசீலிக்கும் மாநில அரசு வாரியமான ரங்கபூமி பிரயோக பரிநிரீட்சண மண்டலிடம் பிரதியை அளித்துச் சான்று பெறும் நடைமுறை இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து 1876 ஆம் ஆண்டு நாடகச் சட்டம் 2018 இல் நீக்கப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு இதைத் தவிர்த்துவிடாதீர்கள். அது மத்திய சட்டம், இது மாநிலத்தின் தனி ஏற்பாடு. அரங்க மேலாளரை முதல் முறை சந்திக்கும்போதே எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆறு நாடகங்களின் பிரதிகளையும் ஒன்றாக, குறைந்தது மூன்று மாதம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

பதிப்புரிமை விஷயத்தில் சட்டம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, பயில்முறை மன்றமோ சங்கமோ கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் ஒரு நாடகத்தை நடத்தினால் அது உரிமை மீறல் ஆகாது. நுழைவுச் சீட்டுக்குப் பணம் வாங்கினால் இந்தச் சலுகை போய்விடும். நாடகத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவதற்கும் இது பொருந்தாது. ஆகவே நுழைவு இலவசம் என்று வைத்து, விழா மலர் விளம்பரங்களாலும் நன்கொடையாலும் செலவைச் சமாளிப்பதே நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் உயிரோடிருக்கும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிச் சம்மதம் பெறுவது மரியாதை.

ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கழிந்த படைப்புகள் பொதுவுடைமை ஆகின்றன. சென்னையில் 1891 இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் மேடையேறலாம் என்று காட்டிய பம்மல் சம்பந்த முதலியார் 1964 இல் மறைந்தார். அவருடைய நாடகங்கள் 2025 முதல் எவரும் எடுத்தாளத்தக்கவை. பயில்முறை நாடகத்துக்கு அடித்தளமிட்டவரின் ஒரு நாடகமாவது ஒவ்வொரு விழாவிலும் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. வெளிநாட்டு நாடகத்தின் மூலம் பொதுவுடைமை ஆகியிருந்தாலும் அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும் என்பதையும் பாருங்கள்.

பிரதியும் பேச்சும்

ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு முதல் ஆறு பாத்திரங்கள், காட்சி மாற்றத்துக்குத் திரை போடாத அமைப்பு ஆகியவையே ஓரங்கத்துக்கு ஏற்றவை. மூன்று அங்க நாடகத்தைச் சுருக்கிக் கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்; சுருக்கியதில் நிகழ்ச்சிகள் மட்டும் மிஞ்சி மனிதர்கள் காணாமல் போயிருப்பார்கள். நேரத்தைப் பக்கக் கணக்கில் மதிப்பிட வேண்டாம். தேர்வுக் குழுவின் முன் குழுவினர் உட்கார்ந்து உரக்கப் படிக்கட்டும், ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். என் அனுபவத்தில் படிக்கும்போது 24 நிமிடம் வரும் பிரதி, நடப்பதும் நிற்பதும் மௌனமும் சேர்ந்து மேடையில் 30 நிமிடமாகிறது. படிக்கும்போதே 35 வந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு நாகரி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ வசனத்தை எழுதிக் கொடுத்தால் நெடிலும் குறிலும் குழம்பி, ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். அதைவிட, இயக்குநரோ வீட்டுப் பெரியவரோ முழுப் பிரதியையும் இயல்பான வேகத்தில் படித்துக் கைபேசியில் பதிந்து கொடுப்பது நல்லது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் காதில் போட்டுக் கேட்டே பத்து நாளில் மனப்பாடம் செய்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊர்ப் பயணம் நமக்குக் கொடுக்கும் இரண்டு மணி நேரத்தை இதைவிடச் சிறப்பாகப் பயன்படுத்த முடியாது.

அதே சமயம், எல்லோரையும் ஒரே மேடைத் தமிழுக்கு இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாராவியில் திருநெல்வேலி வழக்கு இருக்கிறது. மாட்டுங்காவில் பாலக்காட்டுப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் இருக்கின்றன. இளைஞர்களின் தமிழில் இந்தியும் மராத்தியும் கலந்து ஓடுகின்றன. இந்த நகரத்தில் நடக்கும் கதையில் பாத்திரங்கள் இப்படித்தான் பேசும். ‘வந்துட்டீங்களா அண்ணாச்சி’ என்று அழைக்கும் கடைக்காரரைச் ‘சார், வாங்க’ என்று மாற்றியதும் அந்தப் பாத்திரம் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவராகிவிடுகிறது. திருத்த வேண்டியது தெளிவை மட்டும்தான்: வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தமிழின் வினை இருக்கிறது, நம் நடிகர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். ‘நான் அவனைப் பார்க்க’ என்பது வரை கேட்டு, பார்க்கப் போகிறானா, பார்க்கவில்லையா என்று தெரியாமல் பின்வரிசையில் தவித்திருக்கிறேன். ஒத்திகையில் ஒருவரை அரங்கின் கடைசி இருக்கையில் உட்காரவைத்து, வினைச்சொல் கேட்காத ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். மேடை விளிம்பில் வைக்கும் மூன்று மைக்குகள் இந்தக் குறையைத் தீர்க்காது. அவை முணுமுணுப்பையும் காலடியையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

எல்லோருக்கும் ஒரே மேடை

விழா அமைப்பாளர் ஆறு குழுக்களுக்கும் பொதுவான ஒரு மேடைத் தொகுப்பைத் தர வேண்டும். கறுப்புத் துணிப் பின்னணி, ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு நீள் பெஞ்சு, தானாக நிற்கும் ஒரு கதவுச் சட்டம், ஒன்றரை அடி உயரமுள்ள மூன்று மரப் பெட்டிகள் ஆகியவை இருந்தால் பெரும்பாலான ஓரங்கங்களை நடத்திவிடலாம். பெட்டி திண்ணையாகும், பிளாட்பாரமாகும், அம்மியாகவும் ஆகும். குழுக்கள் தங்கள் பங்குக்கு, இரண்டு பேர் ஒரே நடையில் தூக்கிவரக்கூடிய பொருள்களை மட்டும் கொண்டுவரலாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வசதியுள்ள குழுவுக்கு இது வருத்தம் தரலாம். ஆனால் ஒரு குழு லாரியில் வீட்டையே ஏற்றி வந்து, அடுத்த குழு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு நிற்கும்போது, போட்டி என்று நாம் சொல்வதில் நியாயம் இருக்காது.

மேடையின் அகலம், ஆழம், பார்வையாளர் கண்ணில் படாத இருபக்க மறைவிடமான விங்ஸின் இடம் ஆகியவற்றை அளந்து படம் வரைந்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். ஒத்திகை அறைத் தரையில் அந்த அளவுக்குச் சாக்பீஸ் கோடு போட்டுப் பழகியவர்களுக்கு மேடையில் தடுமாற்றம் இராது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத்தில் ஒட்டுநாடா ஒதுக்கி, மேசைக்காலும் நாற்காலிக்காலும் நிற்குமிடங்களை அந்த நிறத்தில் குறித்துவிட்டால் இருட்டிலும் பொருள்களைச் சரியாக வைக்கலாம். பக்கவாட்டில் ஒரு பெரிய மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, கட்டங்கள் போட்டு, கடிதம், தம்ளர், மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி, அந்தப் பொருளை அங்கேயே வைத்து அங்கேயே திரும்ப வைக்கப் பழக்குங்கள். கட்டம் காலியாக இருப்பது நாடகம் தொடங்குவதற்கு முன்பே கண்ணில் படும்.

விளக்குகளும் பொதுவானவையே. மேடையை முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கங்களிலிருந்து ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் விழும் இரண்டு விளக்குகளை அமைத்தால், 12 விளக்குகளில் முகங்கள் தெளிவாகத் தெரியும். இவற்றுடன் ஒவ்வொரு குழுவுக்கும் விருப்பப்படி இரண்டு சிறப்பு விளக்குகள் போதும். தொங்கவிட்டபின் எவரும் எதையும் திருப்பக் கூடாது. பழைய வகை 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 12 விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் 50 ஆம்பியரைத் தாண்டும். அரங்கின் மின்தாங்கு திறனை மின்பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் கூடுதல் விளக்குகளைச் சாதாரணச் சுவர் இணைப்பில் மாட்டுவது ஆபத்து.

திரைப்படப் பின்னணி இசையை எடுத்து ஓட்டும் பழக்கத்தைக் கைவிடச் சொல்வேன். அதில் உரிமைச் சிக்கல் உண்டு. அத்துடன், தெரிந்த இசை கேட்டதும் பார்வையாளர் மனம் வேறு கதைக்குப் போய்விடுகிறது. விங்ஸில் உட்கார்ந்து நடிகரின் மூச்சைப் பார்த்து வாசிக்கும் ஒரு கஞ்சிராக்காரர் போதும்.

மேடை ஒத்திகைக்கு ஒவ்வொரு குழுவுக்கும் 45 நிமிடம் கொடுங்கள். ஆறு குழுக்களுக்கு நாலரை மணி நேரம் ஆகும். இதற்காகத் தனியாக ஒரு நேரத்தை வாடகைக்கு எடுப்பது செலவுதான், ஆனால் வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். இந்த நேரத்தில் நாடகம் முழுவதையும் நடிக்க வேண்டியதில்லை. விளக்கு மாறும் இடம், ஒலி வரும் இடம், பாத்திரம் நுழையும் இடம் ஆகியவற்றை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மேடையைக் காலிசெய்து அடுத்த குழு அமைப்பதைக் கைக்கடிகாரம் வைத்துப் பழகுங்கள்: மூன்று நிமிடம் அகற்ற, நான்கு நிமிடம் அமைக்க, இரண்டு நிமிடம் மைக்கும் விளக்கும் பார்க்க, மீதி ஒரு நிமிடம் நடிகர்கள் இடத்தில் நிற்க.

இந்த மாற்றத்தை நாடகக் குழுவினரிடம் விடாமல், கறுப்பு உடை அணிந்த உங்கள் ஆட்கள் நான்கு பேர் இரண்டு மாலையும் செய்யட்டும். நாடக வரிசையைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது நியாயமாகத் தோன்றும். எனினும் பொருள்களின் கணக்கிலேயே வரிசை அமைய வேண்டும். அதிகச் சாமான் உள்ள நாடகத்தை மாலையின் முதலில் வைத்தால் அரங்கு திறக்கும் முன்பே அமைத்துவிடலாம். அடுத்து வெறும் மேடையில் நடக்கும் நாடகத்தை வையுங்கள். ஒரு குழுவுக்கு முதல் இடம் ஏன் கிடைத்தது என்று எல்லோர் முன்னிலையிலும் விளக்கிவிட்டால் மனத்தாங்கல் வராது.

மாலை

நாடகம் தொடங்கும் முன் மூன்று முறை மணி அடிக்கும் வழக்கம் இங்குள்ள பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மணிக்குப் பிறகு யார் வராவிட்டாலும் திரை விலக வேண்டும். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம், கடைசி நாடகத்தின் பார்வையாளர்களிடமிருந்து எடுக்கப்படும் பத்து நிமிடம். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை அனைத்தையும் இரண்டாம் நாள் முடிவுக்குத் தள்ளுங்கள். மாற்ற நேரத்தில் திரைக்கு முன் ஒருவர் வந்து, அடுத்த நாடகத்தின் பெயர், எழுதியவர், குழு எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.

நடுவர் இருவர் இருக்கட்டும். எந்தக் குழுவிலும் உறவினர் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் தமிழ் நாடகம் அறிந்தவர். மற்றவர் தமிழ் தெரியாத மராத்தி நாடகக்காரராக இருக்கலாம். ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டால், வசனத்தின் பின்னால் ஒளிய முடியாத நடிப்பையும் மேடை நகர்வையும் அவர் நம்மைவிடக் கூர்மையாகப் பார்ப்பார். பிரித்தானியப் பயில்முறை விழாக்களில் நடிப்புக்கு 40, இயக்கத்துக்கு 35, மேடை அமைப்புக்கு 15, ஒட்டுமொத்த நாடக வெற்றிக்கு 10 என்று மதிப்பெண் பிரிப்பது வழக்கம். நடிப்பையும் இயக்கத்தையும் முன்னிறுத்தும் இந்தப் பகிர்வு பொருள்வசதி குறைந்த குழுக்களுக்கும் இடம் தருகிறது என்பதால் நாங்கள் இதையே ஏற்றோம். புதிய பிரதிக்குத் தனிப் பரிசு வைத்தோம்.

ஒவ்வொரு மாலையும் நடுவர்கள் மேடைக்கு வந்து நாடகத்துக்கு எட்டு நிமிடம் வீதம் பேச வேண்டும். பரிசு பெறாத ஐந்து குழுக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்வது இந்தப் பேச்சைத்தான். ‘எல்லோரும் நன்றாக நடித்தார்கள்’ என்று சொல்லும் நடுவரை அடுத்த ஆண்டு அழைக்க வேண்டாம். எந்த இடத்தில் முதுகைக் காட்டி நின்றதால் கோபம் தெரியவில்லை, எந்த மௌனம் சரியான நீளத்தில் இருந்தது என்று இடம் சுட்டிப் பேசுபவரை, எவ்வளவு தொலைவிலிருந்தாலும் வண்டி வைத்து அழைத்து வாருங்கள். அவர் பேசும்போது நடிகர்கள் ஒப்பனையைக் கலைக்காமல் முன் வரிசையில் வந்து அமரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

விழா முடிந்த இரவே மேடையைக் காலிசெய்து, ஒட்டுநாடாக்களை உரித்து, ஒப்பனை அறைகளைத் துடைத்து, அரங்கப் பதிவேட்டில் எண்ணிக்கை சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் திரும்ப வருவதும் அடுத்த ஆண்டு தேதி கிடைப்பதும் அந்தக் கையெழுத்தைப் பொறுத்தவை. கணக்கை ஒரு வாரத்துக்குள் எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். அந்தத் தாளுடன், ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களுடைய விளக்குக் குறிப்பின் நகலையும், அவர்களின் நாடகம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதற்கு முந்தைய மாற்றத்துக்கு எடுத்த நிமிடம் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.